மழைக்கு முன் ஒரு மூட்டை

ஐப்பசி பிறந்து வானம் கறுக்கத் தொடங்கினால் மளிகைக் கடைக்காரருக்கு இரண்டு கவலைகள் வந்துவிடுகின்றன. கிடங்கில் உள்ள சரக்கு நனையாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்று. "நாளைக்குக் கடை உண்டா?" என்று கேட்டுக்கொண்டு ஊரே ஒரு மாலையில் வந்து நின்றால் என்ன செய்வது என்பது மற்றொன்று. முதல் கவலைக்குத் தார்ப்பாய் இருக்கிறது. இரண்டாவது கவலையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. எல்லாம் நடந்து முடிந்து, சரக்கு தீர்ந்து, இரண்டு வாடிக்கையாளர்களோடு மனஸ்தாபமும் வந்த பிறகுதான் பேசுகிறோம். தாமல், பாலுசெட்டிசத்திரம், காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நம் அன்பர்களை மனத்தில் வைத்து, வீடுகள் நெருக்கடிக் காலத்துக்காக உணவுப் பொருள் வாங்கி வைப்பது பற்றியும், அதில் நம் பங்கு என்ன என்பது பற்றியும் சில விவரங்களை இங்கே எழுதுகிறோம்.

ஒரு மாலையின் கணக்கு

முதலில் ஒரு சிறு கணக்கு. 200 வாடிக்கை வீடுகள் உள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு மாதம் 2 கிலோ துவரம்பருப்பு என்றால் மாத விற்பனை 400 கிலோ. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 13 கிலோ. கடைக்காரர் ஒரு வாரத்துச் சரக்காக 100 கிலோ, அதாவது இரண்டு மூட்டை, வைத்திருக்கிறார். சாதாரண நாளில் இது தாராளம்.

இப்போது புயல் வருகிறது என்றோ, ஊரடங்கு என்றோ ஒரு செய்தி வருகிறது. 200 வீடுகளில் பாதிப் பேர், 100 பேர், அன்று மாலையே வந்து ஆளுக்கு 2 கிலோ கேட்கிறார்கள். தேவை 200 கிலோ. பதினைந்து நாள் விற்பனை ஒரு மாலையில் வந்து நிற்கிறது. 50 பேர் வாங்கியதும் மூட்டை காலி. 51-வதாக நிற்பவர் வெறும் பையோடு திரும்புகிறார், போகிற வழியில் நாலு பேரிடம் "பருப்பே இல்லையாம்" என்று சொல்கிறார். அடுத்த நாள் மீதி 100 வீடுகளும் வருகின்றன. இந்த முறை அவர்கள் கேட்பது 5 கிலோ.

இதில் யார் பதுக்கினார்கள்? யாருமே இல்லை. ஒவ்வொரு வீடும் வழக்கமாக வாங்குகிற ஒரு மாதத்துப் பருப்பைத்தான் வாங்கியது. முப்பது நாளில் பரவி வர வேண்டிய வாங்கல் இரண்டு நாளில் குவிந்தது, அவ்வளவே. தட்டுப்பாடு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படி நாள் தவறி வந்த தேவைதான். நாட்டில் சரக்கு இருக்கிறது, மில்லில் இருக்கிறது, லாரியில் வந்துகொண்டிருக்கிறது. நம் கடைப் பலகையில் மட்டும் இல்லை. இந்த உண்மை மனத்தில் பட்டுவிட்டால், மேலே சொல்லப்போகும் யோசனைகள் எல்லாம் தானாகப் புரியும்.

2020-லும் 2021-லும் நடந்தது

கணக்கில் சொன்னதை நாம் கண்ணால் பார்த்தோம். 2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஊரடங்கு. மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசி, நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுவதும் ஊரடங்கு என்றார். மளிகைக் கடை திறந்திருக்கும் என்று சொல்லியும் மக்கள் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. கடை திறக்கலாம், ஆனால் சுமை தூக்கும் ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், லாரி ஓட்டுநருக்கு வழியில் சாப்பாட்டுக் கடை இல்லை. தாமல் நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். வேலூர், பெங்களூர் போகும் லாரிகளின் சத்தம் இரவு பகலாகக் கேட்கிற இடம். அந்தச் சாலை வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்த்த வீடுகள் மூட்டையாக வாங்க நினைத்ததில் வியப்பில்லை.

ஏப்ரல் 2020-ல் நடந்த மற்றொரு நிகழ்ச்சி இன்னும் பாடமானது. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 முதல் நான்கு நாட்களுக்கு மளிகைக் கடைகள்கூடக் கிடையாது என்று ஏப்ரல் 24 அன்று அறிவிப்பு வந்தது. இடையில் இருந்தது சனிக்கிழமை ஒரு நாள். அந்த நேரத்தில் கடைகள் பகல் 1 மணி வரைதான். கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அன்று நேரத்தை 3 மணி வரை நீட்டினார்கள். நான்கு நாள் பசியைத் தாங்காத வீடு எத்தனை இருந்திருக்கும்? ஆனால் நான்கு நாளுக்கான சாமான் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்த வீடு மிகக் குறைவு. மே 5-ஆம் தேதி, நம் வணிகர் தினத்தன்று, கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. பிறகு திருமழிசையில் தற்காலிகச் சந்தை வந்தது.

2021 மே மாதத்தில் அரசு ஒரு பாடம் கற்றிருந்தது என்றே சொல்ல வேண்டும். மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்று அறிவித்தபோது, 22, 23 ஆகிய இரு நாட்களும் எல்லாக் கடைகளையும் இரவு 9 மணி வரை திறக்க விட்டார்கள். கூட்டம் இருந்தது, ஆனால் பரவி வந்தது. பிறகு மே 31 முதல் மளிகைக் கடைக்காரர்கள் தொலைபேசியில் கேட்டுப் பெற்று, வண்டியிலும் தள்ளுவண்டியிலும் வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி வந்தது. இந்த வேலையைச் சிறு கடைக்காரர் செய்த அளவுக்குப் பெரிய நிறுவனங்களால் கிராமங்களில் செய்ய முடியவில்லை. எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்குப் பொன்னி, யாருக்கு இட்லி அரிசி என்பது நமக்குத்தான் தெரியும். ஜூன் மாதத்தில் நியாயவிலைக் கடை வழியாக 14 மளிகைப் பொருள்கள் அடங்கிய தொகுப்பும் வழங்கப்பட்டது. நெருக்கடி வந்தால் ஒரு வீட்டுக்கு எவையெவை வேண்டும் என்று அரசே ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தது என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

வதந்தியின் வேகம்

சரக்கே குறையாமலும் இது நடக்கும். 2016 நவம்பர் 8-ல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த சில நாட்களில், வட மாநிலங்களில் உப்பு தீர்ந்துவிட்டது என்று ஒரு வதந்தி கிளம்பியது. கிலோ நூறு, இருநூறு என்று உப்பு விற்றது. மூன்று பக்கம் கடல் உள்ள நாட்டில், குஜராத்திலும் தூத்துக்குடியிலும் உப்பு மலைபோலக் குவிந்திருக்க, உப்புக்கு வரிசை!

கடல் கடந்தும் நம் ஆட்கள் இப்படித்தான். 2023 ஜூலை 20-ல் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அமெரிக்காவில் உள்ள இந்திய மளிகைக் கடைகளில் தமிழரும் தெலுங்கரும் அரிசி மூட்டைகளை வண்டி வண்டியாகத் தள்ளிக்கொண்டு போன காட்சிகளை எல்லோரும் பார்த்தோம். புழுங்கல் அரிசிக்கு அந்தத் தடையில்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட யாருக்கும் பொறுமை இல்லை. அங்குள்ள கடைக்காரர்கள் பலர் செய்த காரியம் ஒன்று கவனிக்கத்தக்கது. குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று எழுதி ஒட்டினார்கள். அந்தத் தடை 2024 செப்டம்பர் கடைசியில் நீங்கியது. அதுவரை எந்தத் தமிழ் வீட்டிலும் சோறு நின்றதாகத் தெரியவில்லை.

ஆனால் எல்லாமே வதந்தி என்று தள்ளிவிடவும் கூடாது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து உண்மையாகவே தடைப்பட்டது. ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23 வரை அது நீடித்தது. இறக்குமதியை நம்பியிருக்கும் பொருளுக்கும், ஆரணி மில்லிலிருந்து வரும் அரிசிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது, வழியில் எத்தனை இடத்தில் தடைப்படும் என்பதை அறிந்த கடைக்காரர், எந்த வதந்தியை நம்பலாம், எதைச் சிரித்து ஒதுக்கலாம் என்பதையும் அறிவார்.

பதுக்கல் எது, கையிருப்பு எது

நம்மவர்களில் பலர் கிடங்கில் பத்து மூட்டை அதிகம் வைக்கவே அஞ்சுகிறார்கள். அதிகாரி வந்தால் பதுக்கல் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரங்கூன் அரிசி நின்றது. சென்னையில் பங்கீடு வந்தது. பெர்மிட், லைசென்ஸ், செக்போஸ்ட் என்று நம் முன்னோர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1952 ஜூனில் முதலமைச்சர் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியபோதுதான் மூச்சு விட்டார்கள். பிறகு 1955-ல் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் வந்தது. இன்றைக்கும் நம்மை ஆள்வது அதுதான். 2020-ல் அதைத் தளர்த்திய திருத்தம், மற்ற இரு வேளாண் சட்டங்களோடு சேர்த்து 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

இந்தச் சட்டம் சும்மா இருக்கும்போது எதையும் தடுப்பதில்லை. விலை ஏறும்போது அரசு இதன் கீழ் ஓர் ஆணை போட்டு, இன்ன பொருளை இவ்வளவுக்கு மேல் வைக்கக் கூடாது என்று சொல்லும். ஆணை உள்ள காலத்தில் மீறினால் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. 1980-ஆம் ஆண்டுக் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஆறு மாதம் வரை தடுப்புக் காவலும் உண்டு. ஆகவே விளையாட்டல்ல.

ஆனால் அளவைப் பாருங்கள். 2023 ஜூன் 2-ல் துவரை, உளுந்துக்குப் போட்ட ஆணையில் மொத்த வியாபாரிக்கு ஒவ்வொன்றிலும் 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். அந்த ஆண்டு செப்டம்பரில் மொத்த வியாபாரிக்கு 50 டன்னாகக் குறைத்தார்கள். சில்லறைக்கு 5 டன் அப்படியே இருந்தது. 2024 ஜூன் 21-ல் துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் மறுபடி 200 டன், 5 டன் என்று செப்டம்பர் முடிய வைத்தார்கள். நாம் மேலே சொன்ன 200 வீட்டுக் கடை, அத்தனை வீடுகளுக்கும் ஒரு முழு மாதத்துத் துவரம்பருப்பை வாங்கி அடுக்கினாலும் 400 கிலோதான். 5 டன்னில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிறு கடைக்காரர் இந்த ஆணைகளைக் கண்டு கிடங்கை வெறுமையாக வைக்கத் தேவையே இல்லை. மொத்த வியாபாரிகள்தான் இருப்பைத் தெரிவிப்பதிலும், கணக்கிலும் கவனமாக இருக்க வேண்டும். ஆணைகள் வரும், முடியும், மாறும். மழைக்கால இருப்பு வைக்குமுன் அன்றைய நிலையைச் சங்க அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

வேறொரு விஷயமும் சொல்ல வேண்டும். கிடங்குக் கதவை உடைத்தால் மட்டும் தட்டுப்பாடு தீராது. இலங்கையில் 2021 ஆகஸ்ட் இறுதியில் நெருக்கடி நிலை விதிகள் கொண்டுவந்து, ஒரு படை அதிகாரியை ஆணையராக்கி, சர்க்கரை, அரிசிக் கிடங்குகளைக் கைப்பற்றினார்கள். ஆனால் 2022-ல் வரிசைகள் நீண்டனவே தவிரக் குறையவில்லை. அங்கே குறைந்திருந்தது டாலர். சர்க்கரையைப் பதுக்கியவர் இருந்திருக்கலாம், ஆனால் அவரைப் பிடித்ததால் கப்பல் வந்துவிடவில்லை.

அதற்காகப் பதுக்கலே கிடையாது என்று வாதாடவும் நாம் தயாராக இல்லை. நம் கணக்கில் வித்தியாசம் எளிது. கேட்டவருக்குக் கொடுப்பதற்காக வைத்திருப்பது கையிருப்பு. உள்ளே மூட்டை இருக்க "இல்லை" என்று சொன்னால் அது பதுக்கல். பத்து கிலோவாக இருந்தாலும் அப்படித்தான்.

நெசவாளர் வீடும் மழையும்

நம் பகுதிக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. காஞ்சிபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் தறியை நம்பிய வீடுகள் ஏராளம். பாவு நீட்டி ஆற்றும் வேலை தெருவில், வெட்டவெளியில், விடியற்காலையில் நடப்பது. மழை பிடித்துக்கொண்டால் அது நிற்கும். குழித்தறியில் ஈரம் ஏறும், பட்டு இழை சொன்னபடி கேட்காது. ஒரு புடவை முடிய வேண்டிய நாளில் அரைப் புடவைதான் முடியும். ஆக, கூலி குறைகிற மாதமும் வீட்டில் சாமான் அதிகம் வேண்டிய மாதமும் ஒன்றாகவே வருகின்றன. தாமல் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் உழவு வேலைக்குப் போகும் வீடுகளுக்கும் அடைமழையில் இதே கதைதான்.

நம் பாட்டிமார் இதை அறிந்துதான் வருஷத்துச் சாமான் வாங்கினார்கள். அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் புதுப் புளி வரும், மிளகாய் வத்தல் வரும், மல்லி வரும். விலை இறங்கியிருக்கும், வெயிலும் இருக்கும். காயவைத்து, கொட்டை நீக்கி, உப்புப் போட்டுப் பானையில் அடைத்தால் அடுத்த மாசி வரை கவலையில்லை. நெல் குதிரில் இருக்கும். இப்படி ஆண்டுக்கு ஒரு முறை வாங்கிய பழக்கம் மாதச் சம்பளத்தோடு மாதச் சாமானாகி, இன்று பாக்கெட்டோடு தினச் சாமானாகிவிட்டது. வீட்டில் இருந்த குதிரும் பத்தாயமும் போய், அவற்றின் வேலை முழுவதும் நம் கடைக் கிடங்கின் தலையில் விழுந்திருக்கிறது. அந்தச் சுமைக்கு ஏற்ற இடமோ முதலோ நம்மில் பலருக்கு இல்லை. ஆகவே இருப்பில் ஒரு பகுதியை வீடுகளுக்கே திருப்பி அனுப்புவது நமக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. புரட்டாசியில் ஒரு வீடு பதினைந்து நாள் சாமானை அதிகமாக வாங்கி வைத்தால், கார்த்திகையில் புயல் செய்தி வரும் மாலையில் அந்த வீடு நம் கடை வரிசையில் நிற்காது.

நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பதினைந்து நாளுக்கு எவ்வளவு என்று வாடிக்கையாளர் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் என்று வைத்தால் அரிசி 24 கிலோ, அதாவது ஒரு 25 கிலோ சிப்பம். பருப்பு வகை 3 கிலோ, எண்ணெய் 2 லிட்டர், சர்க்கரை அல்லது வெல்லம் ஒன்றரைக் கிலோ, புளி அரைக் கிலோ, உப்பு ஒரு கிலோ. இதற்கு மேல் மிளகாய்த்தூள், சாம்பார்த்தூள், டீத்தூள் அவரவர் பழக்கம். அட்டைக்கு இலவச அரிசி வாங்கும் வீட்டில் அரிசியைக் குறைத்துச் சொல்லுங்கள். விற்பனை குறையும்தான், ஆனால் அந்த வீடு மற்ற சாமானை முழுதாக வாங்கும்.

2015 டிசம்பர் 1 மழையில், அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தாம்பரம் பகுதியில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் பெய்தது. செம்பரம்பாக்கம் திறந்து அடையாற்றில் வெள்ளம் வந்தபோது பல வீடுகளில் அரிசி இருந்தும் சமைக்க வழியில்லை. மின்சாரம் இல்லை. கிரைண்டர் ஓடாது, மிக்சி ஓடாது, மோட்டார் ஓடாததால் தண்ணீரும் ஏறாது. ஃபிரிட்ஜில் இருந்த மாவு புளித்துப் போனது. பால் பாக்கெட் நூறு ரூபாய் என்று செய்தி வந்தது. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பாலுக்குத்தான் முதலில் அலைந்தார்கள். ஆகவே அரைக்காமல், ஊறவைக்காமல் சமைக்கக்கூடியவற்றுக்குத் தனி இடம் உண்டு. அவல், ரவை, சேமியா, பொட்டுக்கடலை, பால் பவுடர், ரஸ்க், பிஸ்கட், ஊறுகாய், மெழுகுவத்தி, தீப்பெட்டி இவையெல்லாம் சிறு காசுச் சரக்குகள். ஆனால் மின்சாரம் இல்லாத மூன்று நாளில் அரிசி மூட்டையைவிட இவற்றைத் தேடித்தான் ஆள் வருவார்கள். குழந்தை உள்ள வீடுகளைக் கணக்கெடுத்துப் பால் பவுடர் இருப்பு வையுங்கள். இதில் இன்னொன்றும் உண்டு. டவர் விழுந்தால் யு.பி.ஐ. இல்லை, மின்சாரம் இல்லாவிட்டால் ஏ.டி.எம். இல்லை. அன்றைக்கு வேலை செய்யும் ஒரே இயந்திரம் நம் பற்றுச் சிட்டைதான்.

கிடங்கில் கவனம்

அதிக இருப்பு வைப்பவருக்கு எதிரி வண்டும் ஈரமும். மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல் வைப்பதும், சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி அடுக்குவதும் எல்லோரும் அறிந்தது, எல்லோரும் செய்யாதது. கடைக்குள் தண்ணீர் ஏறிய அனுபவம் உள்ள தெருக்களில், போன வெள்ளம் சுவரில் விட்ட கறைக்கு மேல்தான் அடுக்கின் முதல் மூட்டை இருக்க வேண்டும். சர்க்கரை, வெல்லம், உப்பு மூன்றையும் அரிசி, பருப்புக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள். மழை நாளில் அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும், பக்கத்து மூட்டையின் அடியில் கட்டி தட்டும். முதலில் வந்த மூட்டை முதலில் போக வேண்டும் என்பதற்கு வந்த தேதியைச் சாக்கில் சாக்பீஸால் எழுதினாலே போதும், கம்ப்யூட்டர் வேண்டாம். ரவை, மைதா, கோதுமை மாவு இவற்றை ஒரு மாதத்துக்கு மேல் நம்பி வைக்கக் கூடாது. அதிக இருப்புக்கு ஏற்றவை பழைய அரிசி, பருப்பு, புளி, வத்தல், உப்பு, எண்ணெய்.

வண்டுக்கு அஞ்சி, மூட்டைகளுக்கு இடையே வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைச் சிலர் வாங்கி வைக்கிறார்கள். அது ஈரக் காற்றில் நச்சுப் புகையாக மாறுவது. முன்னால் கடை, பின்னால் வீடு என்று இருக்கும் இடத்தில் அதை வைக்கவே கூடாது. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டியது, உயிர்களை வாங்கியிருக்கிறது. வீட்டுக்கு வாங்கிப் போகிறவருக்குக் காய்ந்த வேப்பிலை, அரிசிக்கு நாலு வத்தல், இறுக மூடும் டின் என்று பழைய வழியைச் சொன்னாலே போதும். பதினைந்து நாள் சாமானுக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

கூட்டம் வந்த அன்று

எவ்வளவு முன்னேற்பாடு செய்தாலும் ஒரு நாள் கூட்டம் வரத்தான் செய்யும். அன்று செய்ய வேண்டியது அளவு வைத்துக் கொடுப்பது. வீட்டுக்கு 2 கிலோ பருப்பு, ஒரு பாக்கெட் எண்ணெய் என்று பலகையில் எழுதி வெளியே வைத்துவிடுங்கள். வாயால் சொன்னால் சண்டை வரும், எழுதி வைத்தால் வராது. பழைய வாடிக்கையாளருக்கு முதலிடமா, முதலில் வந்தவருக்கு முதலிடமா என்று நம்மிடையே எப்போதும் வாதம் உண்டு. நெடுஞ்சாலை ஊர்களில் காரில் வந்து மொத்தமாக அள்ளிப் போகும் வெளியூர்க்காரரும் உண்டு என்பதால், அளவு எல்லோருக்கும் ஒன்று, கடன் மட்டும் சிட்டை உள்ளவருக்கு என்று வைப்பது நியாயமாகத் தோன்றுகிறது. எழுந்து வர முடியாத வயதானவர் உள்ள வீடுகளுக்கு ஒரு பங்கை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு விற்பனையைத் தொடங்குங்கள்.

விலைதான் பெரிய சிக்கல். பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்க எந்தக் காலத்திலும் சட்டம் இடம் தராது, அதில் பேச ஒன்றுமில்லை. மூட்டைச் சரக்கில்தான் கேள்வி வருகிறது. "பழைய விலைக்கே கொடுத்துவிட்டால் நாளை ஏறிய விலைக்கு வாங்கி நிரப்ப என் முதல் போதாதே" என்று கடைக்காரர் கேட்பது நியாயமான கேள்வி. அதிகாரிகளும் பத்திரிகைகளும் இதை ஏனோ காது கொடுத்துக் கேட்பதில்லை. இதற்கு ஒரு நடுவழி உண்டு. உதாரணமாக, கையில் 140 ரூபாய்க்கு வாங்கிய 100 கிலோ இருக்கிறது, புதிதாக 170 ரூபாய்க்கு 50 கிலோ வந்து இறங்குகிறது. மொத்த முதல் 22,500 ரூபாய். 150 கிலோவுக்குப் பகிர்ந்தால் கிலோ 150. அதன் மேல் உங்கள் வழக்கமான லாபத்தை, முன்பு எவ்வளவோ அவ்வளவே, வையுங்கள். புதுச் சரக்கு கடையில் இறங்காத வரை பழைய விலைதான். கொள்முதல் பட்டியல் இரண்டையும் கல்லாவிலேயே வைத்திருந்தால், கேட்பவர் வாடிக்கையாளரானாலும் அதிகாரியானாலும் எடுத்துக் காட்டலாம். 2020-ல் முகக்கவசத்தையும் கைகழுவும் கிருமிநாசினியையும் அத்தியாவசியப் பண்டமாக அறிவித்தபோது மாட்டிக்கொண்டவர்களில் பட்டியல் இல்லாமல் வாங்கி விற்றவர்கள் நிறைய.

சீட்டும் பற்றும்

முன்கூட்டி வாங்கச் சொன்னால் நெசவாளர் வீடு கேட்கும் முதல் கேள்வி, "காசு?" என்பதுதான். நம் பக்கத்துக் கடைகளில் தீபாவளிச் சீட்டு பழக்கமானது. மாதாமாதம் கட்டி, தீபாவளிக்கு எண்ணெய், மாவு, சர்க்கரை, பட்டாசு என்று வாங்கிப் போகிறார்கள். அதே வழக்கத்தில், மழைச் சாமானுக்கு என்று சித்திரை முதல் புரட்டாசி வரை ஆறு மாதம் வாடிக்கை வீடுகள் சிறு தொகை முன்பணமாகக் கட்டி, புரட்டாசிக் கடைசியில் சாமானாக எடுத்துப் போகும் ஏற்பாட்டைச் செய்யலாம். மொத்த வியாபாரியிடம் நாம் ரொக்கம் கொடுத்து வாங்க அந்தப் பணம் உதவும். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியில் ஒரு பகுதியை அந்த வீடுகளுக்கே கொடுக்கலாம்.

ஆனால் எச்சரிக்கையும் தேவை. தீபாவளி பண்டு என்ற பெயரில் வசூலித்து ஊரை விட்டு ஓடியவர்களால் நேர்மையாக நடத்துகிறவர்களின் பெயரும் வட மாவட்டங்களில் கெட்டிருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டமும், ஒழுங்குமுறையற்ற வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. வட்டி, பரிசு, தங்கக் காசு என்று எதுவும் சொல்லாதீர்கள். சரக்குக்கான முன்பணம் என்று ரசீது போட்டு, வாங்கிய தொகைக்குச் சரக்கைக் கொடுத்துக் கணக்கை முடியுங்கள். தொடங்குமுன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முகம் தெரியாதவரிடம் பணம் வாங்கவே வேண்டாம்.

பற்று வைத்துக் கொடுப்பவர்கள் மழை மாதத்துப் பற்றைத் தனிப் பக்கத்தில் எழுதினால் நல்லது. மாதக் கணக்கோடு சேர்ந்தால் வீட்டுக்காரருக்குத் தொகை பெரிதாகத் தெரிந்து, கடை மாறிப் போகிறார். கல்யாண முகூர்த்தங்களுக்குப் பட்டு கேட்டு வரும் தை, மாசியில் நெசவுக் கூலி ஒழுங்காக வரும். அப்போது இரண்டு மூன்று தவணையாகக் கழித்துக்கொள்ளலாம் என்று கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

மார்கழி பாதியில் ஒரு நாள் கிடங்கு முழுவதையும் எண்ணிப் பாருங்கள். மழைக்காக வாங்கியதில் மீந்த அவல், ரவை, பால் பவுடரைக் காலாவதித் தேதி பார்த்துப் பொங்கலுக்கு முன் விலை குறைத்துத் தள்ளிவிடலாம். அரிசியும் பருப்பும் வழக்கமான விற்பனையில் கரைந்துவிடும். புதுத் துவரை வரத்து அந்தச் சமயத்தில்தான் தொடங்கும் என்பதால், பழைய பருப்பு மூட்டை தை பிறக்கும்போது கையில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.